வெள்ளாட்டின் முதற்குடியேற்றம்: தாமிரபரணிப் பாசன நிலத்தை முன்வைத்து

1. வரையறை

வேறிடத்தில் வளர்ந்த ஆட்டின் உடல் புதிய கொட்டிலின் தீவனம், நீர், மந்தை ஆகிய மூன்றுக்கும் இணங்கும் காலத்தை ‘முதற்குடியேற்றம்’ என்போம். ஆட்டை வண்டியிலிருந்து இறக்கும்போது அது தொடங்குகிறது. அங்கேயே முடிந்துவிட்டதாகக் கருதுவதே புதியவர்களின் இழப்புக்கு முதற்காரணம்.

2. இனமும் நிலமும்

தென்மாவட்டங்களுக்குரிய இனங்களுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. கன்னி ஆடு கருநிறத்தது. முகத்திலும் அடிவயிற்றிலும் வெண்கோடு உடையது பால்கன்னி, செங்கோடு உடையது செங்கன்னி. கொடி ஆடு நெடிய காலுடையது. வெண்ணிற உடலில் கருந்திட்டு இருப்பின் கரும்போரை, செந்திட்டு இருப்பின் செம்போரை. இரண்டும் உடைமரத் தழையும் நெற்றும் மேய்ந்து வறள்காட்டில் வளர்ந்தவை. எட்டயபுரத்திலிருந்து தாமிரபரணிப் பாசனத்திலுள்ள சேரன்மகாதேவிக்கு வரும் ஆடு கடப்பது மாவட்ட எல்லையை மட்டுமன்று. வறண்ட நிலத்திலிருந்து ஈர நிலத்துக்கு வருகிறது. இடர் மிகுவது இதனாலேயே.

3. இடரின் காரணங்கள்

அ) உணவு மாற்றம். அசைபோடும் இரைப்பையின் நுண்ணுயிர்கள் பழகிய தீவனத்துக்கே ஏற்றவை. அன்பால் வைக்கும் ஒரு சட்டிச் சோறு அங்கு அமிலத்தைப் பெருக்கி ஆட்டைச் சாய்த்துவிடும்.

ஆ) தொற்று. மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தை போன்ற இடங்களில் பல ஊர் மந்தைகள் கலக்கின்றன. ஆட்டுக்கொல்லி நோய் ஏறிய ஆடு, சில நாள்வரை நலமாகவே தோன்றும்.

இ) ஈரம். வயல் நத்தைகளில் வளரும் தட்டைப்புழு, வாய்க்கால் ஓரப் புல்லில் ஒட்டியிருந்து ஆட்டின் ஈரலை அடைகிறது.

4. படிநிலைகள்

முதற்படி, தேர்வு. கீழ்த்தாடையில் இரண்டு நிலைப்பல் போட்ட பெட்டை ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை வயதினது, தொடங்குவோருக்கு ஏற்றது. கீழிமையை விலக்கிப் பார்க்கவேண்டும். உட்புறம் சிவந்திருப்பின் நலம், வெளுத்திருப்பின் குடற்புழு உண்டென ஐயுறுக.

இரண்டாம் படி, ஒதுக்கம். 21 நாள் தனிக் கொட்டில், தனித் தொட்டி. பழைய தீவனத்தை விற்றவரிடமே கேட்டு வாங்கி, புதியதைச் சிறிது சிறிதாகக் கலக்கவேண்டும். குடற்புழு நீக்கத்தையும் தடுப்பூசியையும் கால்நடை மருத்துவர் சொல்லும் முறைப்படி இக்காலத்தில் முடித்துக்கொள்க.

மூன்றாம் படி, சேர்ப்பு. பனி காய்ந்த பின்னரே மேய்ச்சல். வாய்க்கால் ஓரம் விலக்கு.

5. காலம்

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு முடிபு பெறப்படும். பிசானப் பருவ நெல்லை அறுத்து வயல் காய்ந்த மாசி, பங்குனியே ஆடு கொணர்வதற்குத் தக்கது. அப்போது பசுந்தீவனம் அருகும். ஆயினும் அக்குறையை விலைகொடுத்து நிரப்பலாம். ஐப்பசி மழையில் நனைந்த கொட்டிலில் தொற்றையும் புழுவையும் ஒருங்கே தடுப்பது, பழகியவருக்கே அரிது.