உல்லாசப் பயணமும் வாய்மொழிக் கதைமரபும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கலை வடிவமொன்றின் வாழ்வும் தேய்வும் அதனைத் தாங்கி நிற்கும் மக்களின் வாழ்வோடும் தேய்வோடும் பிணைந்தவை. கோட்பாட்டளவில் இது நம்மிற் பலருக்கு உடன்பாடானதே. ஆயின், உல்லாசப் பயணத்துறை என்னும் புதியதொரு புரவலன் அரங்கினுள் நுழையும்போது நாம் இதனை மறந்துவிடுகின்றோம். வெளிநாட்டார் பணங்கொடுத்துப் பார்க்கிறார்கள், ஆதலாற் கலை வாழ்கிறது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றோம். கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளையும் சான்றாகக் கொண்டு இம்முடிவைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பீட்டுக்கு முதலில் மொரொக்கோ நாட்டின் மராகேஷ் நகரை நோக்கலாம். அந்நகரின் ஜெமா எல் ஃப்னா சதுக்கத்திற் கதைசொல்லிகள் நிற்க, கேட்போர் அவர்களைச் சூழ்ந்து வட்டமாகக் கூடுவர். ‘ஹல்கா’ எனப்படும் இவ்வட்டமே அம்மக்களின் அரங்கு. 1912இற் பிரெஞ்சு ஆதிக்கம் ஏற்பட்டதன் பின்னர், 1920களில், அச்சதுக்கத்துக்கு அணித்தாக மாமூனியா என்னும் ஆடம்பர விடுதி எழுந்தது. 2001இல் யுனெஸ்கோ நிறுவனம் அச்சதுக்கத்தின் பண்பாட்டு வெளியை மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. எனினும் சதுக்கத்திற் பெருகியோர் பாம்பாட்டிகளும் படமெடுப்பதற்கு நின்று கொடுப்போருமே. அரபு மொழியிற் கதை சொல்வோர் அருகியே வந்தனர். காரணம் வெளிப்படையானது. பாம்பைப் பார்க்க மொழி வேண்டியதில்லை. கதையைக் கேட்க மொழி வேண்டும். அதனினும் மேலாக, நாளையும் வந்து தொடர்ச்சியைக் கேட்கும் ஒரு சமூகம் வேண்டும். பயணி நாளை வேறோர் ஊரில் இருப்பான்.

வட ஆபிரிக்காவுக்கும் நமது தீவுக்கும் இடையே இவ்விடயத்திற் பழையதொரு தொடர்பும் உண்டு. தாஞ்சியர் நகரிற் பிறந்த இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் அதனைச் சுமக்க ஆட்களும், உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைவரும் கொடுத்துச் சிவனொளிபாத மலைக்கு அனுப்பிவைத்தான். நாடு திரும்பியபின் அவர் வாய்மொழியாகக் கூறியவற்றை, மொரொக்கோ மன்னனின் ஆணைப்படி இப்னு ஜுஸை என்பார் எழுத்தில் வடித்தார். பல்லக்கில் இருந்தவரின் வாய்மொழி இவ்வாறு ஏடேறியது. பல்லக்கைச் சுமந்தவர் அம்மலைப்பாதையில் என்ன பாடினர், என்ன கதை பேசினர் என்பது ஏடேறவில்லை. மலையகத்தின் பிற்கால வரலாறு முழுவதிலும் இவ்வேற்றுமையை நாம் மீண்டும் மீண்டும் காண்கின்றோம்.

இரு பயணங்கள்

1815இற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களிற் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு அமைக்கப்பட்டது. மலைநாட்டின் மீது படைப்பலத்தை நிலைநாட்டுவதற்கென எழுந்த தெரு, விரைவிலேயே கோப்பியை இறக்கும் தெருவாயிற்று. 1867இற் புகையிரதம் கண்டியை வந்தடைந்தது. அதே ஆண்டில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராகப் பயிரிட்டார். ஐரோப்பியப் பயணிகளுக்கு வழிநெடுக வாடிவீடுகளும், கண்டி வாவிக்கரையில் விடுதிகளும் இருந்தன.

இதே காலத்தில் மற்றொரு பயணமும் நடந்து கொண்டிருந்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கடனும் பஞ்சமும் துரத்த மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பலர். முதலாவது பயணம் பயண நூல்களையும் நிழற்படங்களையும் விட்டுச் சென்றது. இரண்டாவது பயணம் பாடல்களை விட்டுச் சென்றது. மூலதனம் ஒன்றே, அது உருவாக்கிய பயணங்கள் இரண்டு. வரலாற்றாசிரியர் முதலாவதன் சான்றுகளை ஆவணம் என்றும், இரண்டாவதன் சான்றுகளை நாட்டார் கலை என்றும் வகைப்படுத்தினர். இவ்வகைப்பாடே ஒரு வர்க்க நோக்கின் விளைவு என்பது மனங்கொள்ளத்தக்கது.

சொல்லை இழந்த ஆடல்

கண்டி நகரில் உல்லாசப் பயணிகளுக்கு மாலைதோறும் காட்டப்படும் ஆடல் நிகழ்ச்சியை யாவரும் அறிவர். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆடல்கள் பல முடிந்து, தீமிதிப்புடன் கூட்டம் கலையும். இவ்வாடலின் ஊற்றுக்கண்களுள் தலையாயது கொஹொம்ப கங்காரிய என்னும் சடங்கு. இரவு முழுதும் நீளும் அச்சடங்கு அடிப்படையில் ஒரு கதைநிகழ்த்துகையாகும். விஜயனாற் கைவிடப்பட்ட குவேனியின் சாபம் பண்டுவாசுதேவ மன்னனை நோயாகப் பற்றுகின்றது. மலய நாட்டு மன்னன் வரவழைக்கப்பட்டு அந்நோய் நீக்கப்படுகின்றது. கவிகளாகவும் உரையாடலாகவும் எள்ளலாகவும் இக்கதை விரியும்.

இச்சடங்கைப் பேணியவர் பெரும்பாலும் பெரவா சாதியினர். நிலத்தைப் பெற்று அதற்கீடாகக் கோயிற்கும் அரசுக்கும் ஊழியம் புரியும் நிலமானிய உறவே அவர்தம் கலையின் பொருளியல் அடித்தளம். 1833இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபோதும், விகாரை, தேவாலய நிலங்களில் அது நீடித்தது. 1870ஆம் ஆண்டின் சட்டம் அவ்வூழியத்தைப் பணமாக மாற்றிக் கொள்ள வழிசெய்தது. பழைய அடித்தளம் இவ்வாறு நெகிழ்ந்த காலத்திலேயே புதிய பார்வையாளரும் தோன்றினர். 1875இல் வேல்ஸ் இளவரசர் கண்டிக்கு வந்தபோது, பருவமல்லாப் பருவத்தில் அவருக்கெனப் பெரஹரா நடத்தப்பட்டது. 1880களில் ஹாகன்பெக் என்னும் ஜெர்மானிய விலங்கு வணிகர் இலங்கைக் கலைஞரை யானைகளோடு ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டு சென்று காட்சிப்படுத்தினார். 1966இல் உல்லாசப் பயணச் சபைச் சட்டம் இயற்றப்பட்டதன் பின்னர், இப்போக்கு அரச ஆதரவுடன் ஒரு தொழிற்றுறையாயிற்று.

இம்மாற்றத்தை வெறும் சீரழிவு என ஒதுக்குதல் நேர்மையன்று. சாதி இழிவுக்குட்பட்டிருந்த கலைஞனுக்கு நுழைவுச்சீட்டுப் பணம் ஓரளவு விடுதலையைத் தந்தது. பழைய ஊழியக் கலைக்காக ஏங்குவது நிலமானியத்துக்காக ஏங்குவதாகும். எனினும் விடுதலைக்குக் கொடுத்த விலையையும் நாம் கணக்கிடல் வேண்டும். பயணிக்கு விளங்காத சொல் முதலிற் கழிக்கப்பட்டது. குவேனியின் கதை போயிற்று, சுழற்சியும் பாய்ச்சலும் தங்கின. கதை நோயுற்றவருக்கும் ஊராருக்கும் பயன்பட்ட ஒன்று. பண்டமாக மாறிய ஆடலுக்குப் பரிவர்த்தனை மதிப்பே போதுமானது.

தப்பின் இரு குரல்கள்

தோட்டங்களின் நிலை வேறு. வைகறையிற் பிரட்டுக்கு ஆளழைத்ததும் தப்பு. மாசி மாதத்திற் காமன் கூத்துக்கு ஆளழைத்ததும் அதே தப்பு. ஒரே கருவி உழைப்பின் ஒழுங்கையும் அவ்வொழுங்கினின்றும் கிடைத்த சிறு விடுதலையையும் அறிவித்தது. அதனை அடித்தவரோ சாதிப் படிநிலையின் அடியில் வைக்கப்பட்டவர். தோட்டக் கலைகளை ஒரு முரணற்ற பொற்காலமாகச் சித்திரிப்போர் இதனை மறந்துவிடலாகாது.

மாசி வளர்பிறையிற் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டித் தகனம் நிகழும்வரை இக்கூத்துத் தொடரும். சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர்; ஏவியவர்கள் விலகி நிற்க, ஏவப்பட்டவன் எரிந்து சாம்பலாகின்றான்; ரதி அழுது நீதி கேட்கின்றாள். இது பழைய புராணக் கதையே. ஆயின் பிறர் ஏவலாற் கடல் கடந்து வந்து, வழியிற் கணவனையோ மகனையோ பறிகொடுத்த ஒரு சமூகத்தின் நடுவில் ரதியின் ஒப்பாரி எழும்போது, அது புராணமாக மட்டும் ஒலித்திருக்க முடியாது என்பது நமது கருத்து. ரதியும் மதனும் லயம் லயமாகச் சென்று ஆடுகையில், பார்ப்போரும் ஆடுவோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்தவர். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கூத்தும் இவ்வாறே நிகழ்ந்தன. மழைக்கால இரவுகளில், எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையையோ நல்லதங்காள் கதையையோ இராகத்துடன் படிக்க, லயத்தார் கூடியிருந்து கேட்டனர்.

இம்மரபு அரசியலுக்கும் வழிவிட்டது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்ட மக்களுக்குப் பழகிய மெட்டுக்களிற் பாடல்கள் இயற்றி, 1940இல் நூலாக வெளியிட்டார். கூட்டங்களிற் பாடவும் செய்தார். அதே ஆண்டு ஜனவரியில், டெயிலர் தேயிலை பயிரிட்ட அதே ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். இப்பகுதிக்கு வரும் பயணிக்குச் சொல்லப்படுவது டெயிலரின் கதை. கோவிந்தனின் கதையைச் சொல்வதற்கு ஆளில்லை.

பங்களாவின் கதை

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகைவண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். வாத்தியாரும் பாட்டுக்காரரும் தப்புக்காரரும் அதில் ஏறிச் சென்றனர். ஒரு கூத்துக் குழுவிற் கதை முழுவதையும் மனத்திற் கொண்டவர் ஒருவரோ இருவரோதான்; அவர்கள் சென்றதும் குழு குலைந்தது. 1977இனதும் 1983இனதும் வன்செயல்கள் மேலும் பலரைச் சிதறடித்தன. இன்று அதே மலைப்பாதையில், தேயிலைச் சரிவுகளைக் காண்பதற்கென்றே உல்லாசப் பயணிகள் புகைவண்டி ஏறுகின்றனர்.

1996இற் கந்தப்பொளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை ஆடம்பர விடுதியாயிற்று. அதன்பின் துரைமாரின் பங்களாக்கள் சிலவும் அவ்வாறே மாறின. 2001இல் ஹந்தானையிலிருந்த தொழிற்சாலையொன்று தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டு, பழைய இயந்திரங்களும் டெயிலர் பயன்படுத்திய பொருள்களும் அங்கு காட்சிக்கு வைக்கப்பட்டன. பங்களா விடுதி விற்பது அறையை மட்டுமன்று. ஒரு கதையையும் விற்கின்றது. கணப்படுப்பு, மாலைத் தேநீர், வெள்ளுடைப் பணியாளர், துரை வாழ்ந்த அமைதியான வாழ்வு என்பன அக்கதையின் கூறுகள். அங்கு ஓரிரவு தங்கப் பல நூறு டொலர் வேண்டும். கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்வதற்கு, நீண்ட போராட்டத்தின் பின்னர், 2021ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்விரு தொகைகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அமைதியான கதை ஒன்றாலேயே மறைக்க முடியும். கொழுந்து பறிக்கும் பெண் அக்காட்சியில் இருக்கின்றாள். ஆயின் அவள் வாய்திறப்பதில்லை. கண்டியாடலிற் சொல் கழிக்கப்பட்டதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

நாம் செய்யத் தவறியது

பிறரைக் குறைகூறி இங்கு நாம் நின்றுவிடலாகாது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இற் கர்ணன் போரையும், பின்னர் நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றையும் மேடையேற்றினார். விடியவிடிய ஆடப்பட்ட கூத்து அங்கும் சுருக்கப்பட்டது. உல்லாசப் பயணிக்காகச் சுருக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? சொல் காக்கப்பட்டது; பார்வையாளர் அம்மொழியினர்; ஆடியவருள் மரபினின்றே வந்தோரும் இருந்தனர். சுருக்கம் தன்னளவிற் குற்றமன்று. யாருக்காக, எதனைக் கழித்து என்பதே வினா. பேராசிரியர் க. கைலாசபதி தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய தம் ஆய்வில், சங்கச் செய்யுளின் பின்னே பாணரின் வாய்மொழி மரபைக் கண்டு காட்டினார். ஆயினும் அந்நான்கு தயாரிப்புகளும் மட்டக்களப்பு மரபைத் தழுவியவை. இரண்டாயிரமாண்டுக்கு முந்திய பாணரைத் தேடிய நாம், பல்கலைக்கழகத்துக்கு மேலே ஹந்தானைச் சரிவில் வாழ்ந்தவரின் கூத்தை அதே ஊக்கத்துடன் தேடினோமல்லோம். சி. வி. வேலுப்பிள்ளை, மாத்தளை வடிவேலன், சாரல்நாடன் முதலானோர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றே மலையகப் பாடல்களையும் கலைகளையும் திரட்டினர் என்பதை நாம் நன்றியுடனும் நாணத்துடனும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

காமன் கூத்தையும் உல்லாச விடுதிகளின் முற்றத்துக்குக் கொண்டுசென்றால் அது பிழைக்கும் என இன்று வாதிப்போர் உளர். மராகேஷும் கண்டியும் தரும் பாடம் அதற்கு மாறானது. அங்கு பிழைக்கப்போவது தப்பும் ஒப்பனையும். அழியப்போவது ரதியின் சொல். கலைஞனுக்கு ஊதியம் வேண்டாம் என்பதன்று நமது வாதம். கூத்தாடுவதற்கு இரவும், கூடுவதற்கு வெளியும், பயிலுவதற்கு இளைஞரும் வேண்டும். இவை வாழத்தக்க சம்பளத்தையும், சொந்தக் காணியையும், லயத்துக்குப் பதிலான வீட்டையும் பொறுத்தவை. எனவே காமன் கூத்தின் எதிர்காலம் பண்பாட்டு அமைச்சின் வினாவாவதற்கு முன், தொழிற்சங்கத்தின் வினாவாகும். ஒலிப்பதிவும் பதிப்பும் ஆய்வாளரின் உடனடிக் கடமை. அவை இப்போராட்டத்துக்குப் பதிலாகமாட்டா.

2023இல், மலையக மக்கள் இத்தீவுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. மூதாதையர் நடந்த வழியே மக்கள் மீண்டும் நடந்தனர். இம்முறை அவர்கள் காணியையும் சமவுரிமையையும் கேட்டு நடந்தனர். பல்லக்குச் சுமந்தவரின் கதை ஏடேறுவதற்கான காலம் வந்துவிட்டது. அதனைச் சொல்ல வேண்டியவர் அவர்களே. அவர்கள் சொல்லும்போது அருகிலிருந்து கேட்டு எழுதவேண்டியவர் நாம்.