தோழமை காதலாதல் (விளையாட்டுப் புனைவு)

இரு ஆண் வீரர்களின் நட்பு காதலாகக் கனியும் கதைவகை. சரினா போவனும் எல் கென்னடியும் எழுதிய ‘ஹிம்’ (2015) பனி ஹாக்கியைக் களமாகக் கொண்டது. தமிழகத்தின் சிவகிரி வட்டாரத்தில் இப்படியொரு கதையை அமைத்தால் கபடிதான் பொருந்தும்: கைகோத்து நிற்பவர்கள், பாடி வருபவனின் கணுக்காலை மடக்கிப் புழுதியில் ஒருவர்மேல் ஒருவர் விழும் ஆட்டம். தொடுதலுக்கு அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. நட்பு எங்கே நிறம் மாறியது என்பது அவ்விருவருக்கே பிந்தித்தான் புரியும். கதையின் இறுக்கம் அதில்தான். இக்கதைவகை நட்பைக் கொச்சைப்படுத்துகிறது என்பார்கள் சிலர். ஆனால் நேரில் பார்த்திராத கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்து உயிர்விட்ட புலவர் பிசிராந்தையாரைப் போற்றும் தமிழ் மரபு, நட்புக்கு ஒரே அளவுகோல் வைத்ததில்லை. இறக்குமதிச் சரக்கு என்பதும் எடுபடாது: வயதுவந்தோர் மனமொத்த தன்பால் உறவு குற்றமல்ல என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது, மறு ஆண்டே ஒடிசா ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த் தன் பெண் துணையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்.