மிகை எடை வாகன அனுமதி (இந்தியா)

மிகை எடை வாகன அனுமதி: சட்ட வரம்பைக் கடந்த எடையுள்ள, பிரிக்க இயலாத சரக்கைப் பொதுச்சாலையில் கொண்டுசெல்ல அரசு அளிக்கும் ஒப்புதல். மின்மாற்றி, கொதிகலன் போன்றவை இவ்வகைச் சரக்குகள். பிரித்து ஏற்றக்கூடிய மணல், சிமென்ட் முதலியவற்றின் மிகைச் சுமை குற்றமாகும்.

வரம்பு: மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 113 எடை வரம்புகளை விதிக்கிறது. பிரிவு 114 வாகனத்தை எடைமேடையில் நிறுத்து, மிகைச் சுமையை இறக்கச் செய்யும் அதிகாரத்தை வழங்குகிறது. 2018 ஜூலையில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரட்டை அச்சின் வரம்பு 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும் உயர்த்தப்பட்டன.

நடைமுறை: தேசிய நெடுஞ்சாலைகளுக்கான ஒப்புதலை மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அளிக்கிறது. வழித்தடம், அச்சுகளின் எண்ணிக்கை, இடைவெளி, சுமை ஆகியவற்றைக் கொண்டு பாலங்களின் தாங்குதிறன் ஆராயப்படுகிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் பால வடிவமைப்பு விதி, 385 டன் சிறப்பு வாகனம் பாலத்தின் நடுவே மணிக்கு 5 கி.மீ.க்கு மிகாமல் தனித்துச் செல்வதாகக் கொள்கிறது.

தண்டனை: 2005இல் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்று மிகைச் சுமையைத் தொடரவிடும் மாநில நடைமுறைகளைச் சட்டவிரோதம் என்றது. 2019 திருத்தத்தின்படி அபராதம் ரூ.20,000, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ரூ.2,000. எடையிட மறுத்தால் ரூ.40,000.

முக்கியத்துவம்: சாலைச் சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் பெருகும், சுமை இருமடங்கானால் சேதம் சுமார் 16 மடங்காகும்.