கேள்விகள் செதுக்கிய உலை: வி.வி.இ.ஆர். வடிவமைப்பின் வளர்ச்சி

கூடங்குளத்து உலைகள் வேண்டுமா, வேண்டாமா என்று தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த உலை இன்றைய வடிவத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. வி.வி.இ.ஆர். எனப்படும் ரஷ்ய அழுத்த நீர் உலை வரிசை 1964இல் நோவோவரோனிஷ் நகரில் தொடங்கியது. அரை நூற்றாண்டில் அது அடைந்த மாற்றங்களைத் தொடர்ந்து பார்த்தால், இரண்டு விசைகள் அதன் போக்கைத் தீர்மானித்திருப்பது தெரிகிறது. ஒன்று, உலைக்கலனைத் தொழிற்சாலையிலிருந்து வெளியே கொண்டுவரும் பாதை. மற்றொன்று, விலைக்கு வாங்க வந்த நாடுகள் கேட்ட கேள்விகள். இரண்டாவதுதான் வலுவானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அழுத்த நீர் உலையின் அடிப்படை எளிது. எரிபொருள் கற்றைகளுக்கு நடுவே ஓடும் சாதாரணத் தண்ணீரே நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கிறது. வெப்பத்தையும் அதுவே சுமந்து செல்கிறது. 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் அந்த நீர் கொதிக்காமல் இருக்கவேண்டுமானால், இன்றைய உலைகளில் வளிமண்டல அழுத்தத்தைப்போல 150 மடங்குக்கு மேல் அழுத்தம் தேவை. அதைத் தாங்கும் எஃகுக் கலன்தான் உலையின் உயிர்நிலை. பம்புகளை மாற்றலாம், நீராவிக் கலன்களைக்கூடச் சுவரை உடைத்து மாற்றலாம். உலைக்கலனை மாற்றும் வேலையில் யாரும் இறங்குவதில்லை. கலனின் ஆயுள் எவ்வளவோ, நிலையத்தின் ஆயுளும் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இவ்வகை உலை நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலில் பிறந்து, 1957 டிசம்பரில் ஷிப்பிங்போர்ட் மின்நிலையத்துக்கு வந்தது. சோவியத் ஒன்றியத்தில் இயற்பியல் பணியை மாஸ்கோவின் குர்ச்சாத்தவ் நிறுவனமும், உலையை வரையும் பணியைப் பொதோல்ஸ்க் நகரின் கித்ரோபிரெஸ் நிறுவனமும் ஏற்றன. நோவோவரோனிஷின் முதல் அலகு 1964 செப்டம்பரில் 210 மெகாவாட் திறனுடன் இயங்கியது. அதில் ஆறு குளிர்விப்புச் சுற்றுகள். 1969இல் வந்த இரண்டாவது அலகு 365 மெகாவாட், எட்டுச் சுற்றுகள். அடுத்து 440 மெகாவாட் வகை மீண்டும் ஆறு சுற்றுகளுக்குத் திரும்பியது. 1,000 மெகாவாட் வகை நான்கே சுற்றுகளோடு நின்றது. ஒவ்வொரு சுற்றும் பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கை குறைந்தது.

கலன்கள் லெனின்கிராடை அடுத்த கோல்பினோவில், இஷோரா ஆலையில் உருவாயின. அங்கிருந்து முழுக்கலனாகவே ரயிலில் ஏற்றி அனுப்பவேண்டும் என்பது வடிவமைப்பாளர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. பாலமும் சுரங்கப்பாதையும் எதிர்த்தடத்தில் வரும் வண்டியும் சேர்ந்து கலனின் விட்டத்துக்கு வரம்பு கட்டின. 440 மெகாவாட் உலையின் கலன் சுமார் 12 மீட்டர் நீளம்; ஆனால் எரிபொருள் மையத்தைச் சுற்றிய பகுதியில் அதன் வெளிவிட்டம் 4 மீட்டரைக்கூட எட்டவில்லை. எரிபொருளுக்கும் கலன் சுவருக்கும் இடையிலுள்ள நீர்ப்படலம் மெலிந்தது. வேகமான நியூட்ரான்களைத் தடுக்கும் திரை அந்த நீர்தான். அது மெலிந்ததால் எஃகின்மீது விழுந்த அடி கூடியது.

இதன் விளைவு இருபது ஆண்டுகளுக்குள் தெரிந்துவிட்டது. நியூட்ரான் அடிபட்ட எஃகு இளகும் தன்மையை இழக்கிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே அது கண்ணாடிபோல் உடையக்கூடுமோ, அந்த எல்லை ஆண்டுக்கு ஆண்டு மேலேறுகிறது. விபத்து நேரத்தில் அவசரக் குளிர்நீர் உள்ளே பாயும்போது, அழுத்தத்தில் இருக்கும் சூடான சுவர் சட்டென்று குளிர்ந்து, இருக்கும் சிறு விரிசல் ஓடிவிடலாம் என்பதே அச்சம். வி.வி.இ.ஆர். கலனில் நீளவாக்கில் பற்றவைப்பே கிடையாது. அடித்து உருவாக்கிய எஃகு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குறுக்குவாட்டில் மட்டும் பற்றவைத்தார்கள். நல்ல முறைதான். ஆனால் ஆவணங்களில் 4 என்று எண்ணிட்ட பற்றவைப்பு எரிபொருள் மையத்தை ஒட்டியே அமைந்தது. ஆரம்பகாலக் கலன்களில் அந்த உலோகத்தில் பாஸ்பரசும் செம்பும் மிகுதியாக இருந்தன. கேடு விரைந்தது.

இதற்குச் செய்த சிகிச்சை, என் கணிப்பில், இந்த உலை வரிசையின் பொறியியல் வரலாற்றிலேயே துணிச்சலான பக்கம். முதலில், மையத்தின் விளிம்பிலிருந்த 36 எரிபொருள் கற்றைகளை அகற்றி அவ்விடங்களில் எஃகு மாதிரிகளை நிறுத்தினார்கள். அவசரக் குளிர்நீரை முன்கூட்டியே சூடாக்கி வைத்தார்கள். அதுவும் போதாதபோது, 1987இல் நோவோவரோனிஷின் மூன்றாம் அலகில் எரிபொருளை முழுவதும் எடுத்து, நீரை வடித்து, வளைய வடிவ மின்னுலை ஒன்றைக் கலனுக்குள் இறக்கினார்கள். பற்றவைப்புப் பகுதியைச் சுமார் 430 டிகிரிக்குச் சூடேற்றி, நாட்கணக்கில் அதே சூட்டில் வைத்து, மெல்ல ஆறவிட்டார்கள். கொல்லர் இரும்பைக் காய்ச்சி ஆறப்போட்டு அதன் முறுக்கைத் தளர்த்துவதைப் போன்ற வேலை. இங்கே பொருள் கதிரியக்கம் கொண்ட உலைக்கலன். பல கலன்களின் உட்புறத்தில் துருப்பிடிக்கா எஃகுப் பூச்சு இல்லாததால், சுவரிலிருந்தே சிறு உலோகச் சீவல்களை எடுத்துச் சோதிக்க முடிந்தது. இழந்த இளக்கத்தின் பெரும்பகுதி திரும்பியிருந்தது. பிறகு மற்ற நாடுகளிலிருந்த அதே வகைக் கலன்களுக்கும் இம்முறை பரவியது.

கலனைக் காப்பாற்றலாம், கலனைச் சுற்றி என்ன இருந்தது? இங்கேதான் கேள்வி கேட்பதன் வரலாறு தொடங்குகிறது. வி-230 என்ற முதல் தலைமுறை 440 மெகாவாட் வடிவம், 32 மில்லிமீட்டர் துளை வழியே நீர் கசிவதையே எதிர்கொள்ளவேண்டிய மிகப்பெரிய விபத்தாகக் கணக்கிட்டது. 500 மில்லிமீட்டர் பிரதானக் குழாய் அறுந்தால் என்ன செய்வது என்பது கணக்கிலேயே இல்லை. மேற்கத்திய நிலையங்களில் காணும் கவசக் கட்டடமும் இல்லை. பல்கேரியா, கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளுக்கு இதே வடிவம் சென்றது. அந்நாடுகளில் அவை பின்னர் மூடப்பட்டதற்கு இந்தக் குறைகளே முதன்மைக் காரணம்.

பின்லாந்து அப்படி ஏற்கவில்லை. லோவீசாவில் இரண்டு 440 மெகாவாட் உலைகளைச் சோவியத்திடமிருந்து வாங்க முடிவு செய்தபோது, தன் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டே கட்டவேண்டும் என்று அந்நாடு உறுதியாக நின்றது. பிரதானக் குழாய் முழுதாக அறுவதையும் தாங்கவேண்டும்; கவசக் கட்டடம் வேண்டும். சோவியத்திடம் ஆயத்தமாக ஒன்று இல்லாததால், அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் உரிமத்தோடு பனிக்கட்டி அடுக்குகள் கொண்ட எஃகுக் கவசம் எழுந்தது. பீறிடும் நீராவியை அந்தப் பனிக்கட்டி குளிர்வித்து நீராக்கி அழுத்தத்தைக் குறைக்கும். கட்டுப்பாட்டுக் கருவிகள் ஜெர்மனியின் சீமென்ஸிடமிருந்து வந்தன. முதல் அலகு 1977இல் மின்சாரம் தந்தது. பனிப்போரின் நடுவே இரு முகாம்களின் தொழில்நுட்பமும் ஒரே கட்டடத்துக்குள் இயங்கியது. சோவியத் வடிவமைப்பாளர்களும் நின்றுவிடவில்லை: அடுத்த 440 வடிவமான வி-213 பிரதானக் குழாய் அறுவதைக் கணக்கில் கொண்டது. 1980இல் நோவோவரோனிஷின் ஐந்தாம் அலகாக வந்த முதல் 1,000 மெகாவாட் உலை முழுமையான கான்கிரீட் கவசத்துக்குள் நின்றது.

ஆயிரம் மெகாவாட் வகை உலையின் கலன் ரயில்பாதை அனுமதித்த கடைசி அங்குலம்வரை விரிந்தது. விட்டம் சுமார் 4.5 மீட்டர். அறுகோண எரிபொருள் கற்றைகள் 163. நீராவிக் கலன்களைப் படுக்கை வாட்டிலேயே வைத்தார்கள். மேற்கில் அவை செங்குத்தானவை. அங்கே அழுக்கு அடித்தட்டில் படிந்து குழாய்களை அரித்தது. படுக்கைக் கலனில் அழுக்கு குழாய்களை விட்டு அடிவயிற்றில் தங்கும். நீரின் கொள்ளளவும் அதிகம் என்பதால் விபத்தின்போது இயக்குநருக்குச் சற்று அவகாசம் கிடைக்கும். இதிலும் அடி விழாமல் இல்லை. ஒவ்வொரு கலனிலும் ஏறத்தாழ 11,000 குழாய்களைத் தாங்கும் தடித்த செங்குத்துக் குழல்களில் 1980களின் பிற்பகுதியில் விரிசல்கள் வெளிப்பட்டன. குழாய்களை வெடிமருந்தால் விரித்துப் பொருத்திய முறை உலோகத்தில் விட்டுச்சென்ற இறுக்கம் முக்கியக் காரணங்களில் ஒன்று. பொருத்தும் முறையை மாற்றவேண்டி வந்தது.

செர்னோபில் வேறு வகை உலை. ஆனாலும் 1986க்குப் பின் சோவியத் உலை எதுவும் பழைய நம்பிக்கையோடு விற்பனைக்கு நிற்க முடியவில்லை. புதிய தலைமுறை வடிவங்கள் இரண்டு கிளைகளாக வளர்ந்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வடிவமைப்புக்குழு பின்லாந்தினரோடு சேர்ந்து உழைத்த வடிவம் சீனாவின் தியான்வான் நிலையமாயிற்று. மாஸ்கோ குழுவின் ஏ.இ.எஸ்.-92 கூடங்குளத்துக்கு வந்தது. இந்தியா 1988 நவம்பரில் ராஜீவ் காந்தி, கோர்பச்சேவ் காலத்தில் ஒப்பந்தம் செய்தது. சோவியத் ஒன்றியம் கலைந்ததால் அது கிடப்பில் கிடந்து, 1998இல் உயிர்பெற்று, 2002 மார்ச்சில் கட்டுமானமாகத் தொடங்கியது. இந்தத் தாமதம் திட்டத்துக்கு இழப்பு என்றே வழக்கமாகச் சொல்வார்கள். வடிவமைப்பைப் பொறுத்தவரை அது பெரும் ஆதாயம் என்பது என் முடிவு; 1988இல் கட்டியிருந்தால் வந்திருக்கக்கூடியது அன்றைய வழக்கமான 1,000 மெகாவாட் வடிவமான வி-320ஐ ஒட்டியதாகவே இருந்திருக்கும்.

வந்தது ஏ.இ.எஸ்.-92 திட்டத்தின் வி-412 உலை. இரட்டைக் கவசச் சுவர். கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்காமல் போனால், பம்புகள் சுழன்று ஓயும் வேகத்தைக் கொண்டே செறிந்த போரான் கரைசலை உலைக்குள் தள்ளும் கலன்கள். உலைக்கலனுக்கு அடியில், உருகிய எரிபொருளை ஏந்தும் தொட்டி. தொட்டி முதலில் தியான்வானில் வைக்கப்பட்டது. அதில் நிரப்பியிருக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் உருகுகுழம்போடு கலந்து அதன் அடர்த்தியைக் குறைக்கின்றன. அப்போது எரிபொருள் கலவை மேலே மிதந்து, உருகிய உலோகம் அடியில் இறங்கும்; மேலிருந்து நீர் ஊற்றினால் சூடான உலோகத்தின்மேல் அது நேரே விழாது, ஹைட்ரஜன் பெருகாது. இப்படி யோசித்து அடுக்கிய வேதியியலைப் படிக்கும்போது எனக்கு மரியாதை தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது மின்சாரமே இல்லாமல் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு. உலையை நிறுத்திய கணத்தில் அதன் 3,000 மெகாவாட் வெப்பத்திறனில் 6 விழுக்காட்டுக்கு மேல் எஞ்சியிருக்கும். ஒரு மணி நேரம் கழிந்தும் 40 மெகாவாட் அளவில் வெப்பம் வந்துகொண்டிருக்கும். புகுஷிமாவில் உலைகளை உருக்கியது இந்த எஞ்சிய வெப்பம்தான். வி-412இல் நீராவிக் கலனிலிருந்து எழும் நீராவி, கவசத்துக்கு வெளியே உயரத்தில் உள்ள குழாய்த் தொகுதிக்குப் போய், காற்றால் குளிர்ந்து நீராகித் தன் எடையாலேயே கீழே திரும்புகிறது. காற்றுக் கதவுகளை மூடி வைத்திருப்பதே மின்சாரம். அது நின்றால் கதவுகள் தாமே திறக்கும். பம்பு வேண்டாம், டீசல் வேண்டாம். ஆனால் காற்று எவ்வளவு சூடோ அவ்வளவுக்கு வேலை குறையும். ரஷ்யப் பனிக்காலத்தில் குழாய் நீர் உறைந்துவிடாமல் காக்கவேண்டும். நெல்லைச் சீமையின் கோடையிலோ மிக வெப்பமான பகலுக்கும் போதுமான பரப்பளவைக் குழாய்களுக்குத் தரவேண்டும்.

2011 மார்ச்சில் புகுஷிமா விபத்து நிகழ்ந்தபோது கூடங்குளத்தின் முதல் அலகு முடியும் நிலையில் இருந்தது. இடிந்தகரை மக்களின் போராட்டம் பெருகியது. பின்லாந்தின் ஒழுங்குமுறை அமைப்பு அலுவலக மேசையில் எழுப்பிய கேள்விகளைப் போன்றவற்றையே இங்கே மீனவக் குடும்பங்கள் பந்தலில் அமர்ந்து எழுப்பின: மின்சாரம் நின்றால் என்ன, கடல் பொங்கினால் என்ன, கழிவு எங்கே போகும். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2013 மே 6ஆம் நாள் நீதிமன்றம் இயக்க அனுமதித்து, 15 கட்டளைகளையும் சேர்த்தே பிறப்பித்தது. அதே ஆண்டு ஜூலை 13இல் உலையில் தொடர்வினை தொடங்கியது. அக்டோபரில் மின் தொகுப்போடு இணைந்தது. காற்றால் குளிரும் அமைப்போடு மின் உற்பத்திக்கு வந்த முதல் வி.வி.இ.ஆர். அதுதான்.

மாஸ்கோ குழு அந்த அமைப்பை அடுத்த வடிவத்துக்குக் கொண்டு சென்றது. 2016 ஆகஸ்டில் நோவோவரோனிஷின் புதிய நிலையத்தில் மின்சாரம் தந்த வி.வி.இ.ஆர்.-1200, 3,200 மெகாவாட் வெப்பத்திறனோடும் கலனுக்கு 60 ஆண்டு ஆயுள் கணக்கோடும் வந்தது. கலன் உலோகத்தில் நிக்கலைக் குறைத்தார்கள். பீட்டர்ஸ்பர்க் குழுவோ அதே 1200 உலைக்குக் காற்றை நம்பாமல், கவசத்தைச் சுற்றி உயரத்தில் நீர்த்தொட்டிகளை வைத்தது. வங்கதேசத்தின் ரூப்பூர் காற்றைத் தேர்ந்தது. பெலாரஸின் அஸ்த்ரவெத்ஸ் தண்ணீரை. கூடங்குளத்தில் 3 முதல் 6 வரையான அலகுகள் 1,000 மெகாவாட் வடிவிலேயே எழுகின்றன.