லால்பாக் பாறையும் பெங்களூரின் நீரும்

பெங்களூர் செல்வோரில் லால்பாக் தோட்டத்தைக் காணாது திரும்புவோர் சிலரே. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய அத்தோட்டத்தினுள்ளே மொட்டைப் பாறைக் குன்று ஒன்று உண்டு. அதன் உச்சியிலுள்ள கெம்பே கௌடரின் சிறு கோபுரத்தை நிமிர்ந்து நோக்கும் நாம், காலடியிலுள்ள பாறையைக் குனிந்து பார்ப்பதில்லை. கோபுரத்தின் வயது சில நூறு ஆண்டுகள். பாறையின் வயதோ ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள்.

இக்குன்றைச் சமைத்தது எரிமலையா, பனியாறா? இரண்டும் அல்ல. பூமியின் ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல இறுகியது. பின்னர்ப் பெருவெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு, வெண்மையும் கருமையும் மாறிமாறி வரும் வரிகளைப் பெற்றது. நைஸ் என்பது இதன் பெயர். மைசூர் அரசின் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்னும் அறிஞர் 1916-இல் இதற்குத் 'தீபகற்ப நைஸ்' என்று பெயர் சூட்டினார். இன்று இக்குன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம்.

எரிமலையின் கைவண்ணத்தைக் காண வேண்டுமாயின், சித்திரதுர்க்கத்தை அடுத்த மரடிஹள்ளிக்குச் செல்லவேண்டும். பண்டைக் கடலுக்கடியில் பொங்கிய எரிகுழம்பு, நீர் பட்டுத் தலையணைகள் போல் உறைந்து அங்கே கிடக்கிறது. நம் தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறை உழைத்த கோலார் தங்கமும் தொல்லெரிமலைப் பாறைகளின் இடையே கிடைத்ததுதான். பனியாறுகளின் சுவடோ ஒரிஸாவின் தால்சேரில் உள்ளது. 1856-இல் அறிஞர்கள் அதைக் கண்டுரைத்தனர். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பனி படர்ந்தபோதே லால்பாக் பாறை முதுபெருங் கிழமாகிவிட்டது.

பெங்களூரை உருவாக்கியவை வெயிலும் மழையுமே. அவை கோடிக்கணக்கான ஆண்டுகள் மேற்பரப்பை அரித்தெடுக்க, ஆழத்துப் பாறை வெளிப்பட்டது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்நகரின் ஊடே ஒரு மேட்டு வரம்பு செல்கிறது. அதன் மேற்கே பெய்யும் மழை விருஷபாவதி வழியே அர்க்காவதியை அடைந்து காவிரியிற் கலக்கிறது. கிழக்கே பெய்வது பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையாகிக் கடலூர் அருகே கடலை எய்துகிறது. இருபுறத்து நீரும் தமிழகத்துக்கே வருகிறது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

கடும்பாறை நீரை உறிஞ்சாது. வெடிப்புகளிலும் மேலுள்ள சிதைந்த மண்ணிலுமே நீர் தங்கும். வற்றாத பேராறும் நகரில் இல்லை. ஆகவே 1537-இல் நகரை நிறுவிய கெம்பே கௌடரும் பின்வந்தோரும் பள்ளங்களுக்குக் கரை கட்டி ஏரிகள் அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பினால் அடுத்ததற்கு நீர் செல்லும்.

அவற்றுள் தர்மாம்புதி ஏரி இன்று பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி விளையாட்டரங்கம். 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும், 1974 முதல் தொலைவிலுள்ள காவிரியிலிருந்தும் நீர் வரவேண்டியதாயிற்று. ஏரியைத் தூர்த்தோம், ஆனால் பள்ளத்தை மேடாக்க நம்மால் இயலவில்லை. பெருமழை பெய்யும்போதெல்லாம் நீர் தன் பழைய வழியைத் தேடித் தெருக்களில் நிற்கிறது. எஞ்சிய ஏரிகளையும் கால்வாய்களையுமேனும் காப்போமாயின், அந்நீர் கேடு செய்யாது பயன் தரும்.