மார்மைட்டும் பம்பாய்த் தாய்மாரும்

ரொட்டியில் மெல்லிதாகத் தடவியும் சூப்பில் கரைத்தும் மார்மைட்டைச் சுவைத்துப் பார்த்தோம். உப்பும் கசப்பும் கலந்து, இறைச்சிச் சாற்றை நினைவூட்டும் கரும்பசை. பீர் வடித்தபின் எஞ்சும் ஈஸ்டிலிருந்து 1902 முதல் இங்கிலாந்தில் தயாரிக்கப்படுவது.

இப்பசைக்கு இந்திய வரலாறும் உண்டு. 1928இல் பம்பாய் வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், ஏழைக் கர்ப்பிணிகளைப் பீடித்த கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். நெசவாலைத் தொழிலாளர் பலர் அவர்களில் இருந்தனர். சத்தற்ற உணவே காரணமென ஐயுற்று மார்மைட்டைக் கொடுத்தார், தேறினர். 1931இல் முடிவுகளை வெளியிட்டார்.

அதிலிருந்த சத்தை 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் ஃபோலிக் அமிலம் என்றனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அப்பெயரின் வேர்.

இன்று கர்ப்பிணிகள் உண்ணும் ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பின்னே அந்த ஏழைத் தாய்மாரின் நோவும் இருக்கிறது. மருத்துவரின் பெயரை வரலாறு காத்துக்கொண்டது. அவர்களை நாமாவது நினைப்போம்.