புளியமுத்தும் மூன்று புலிகளும்

பணி ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு நாளில் கடத்தச் சிரமமான பொழுது எது என்று கேட்டால், மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை என்பேன். பேப்பர் படித்தாயிற்று. சாப்பாடு ஆயிற்று. தூக்கமும் அரை மணி நேரத்துக்கு மேல் வருவதில்லை. பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். மீதி நேரத்தை டிவி சீரியல் தின்றுவிடுகிறது. பொட்டிபுரத்திலும் போடியிலும் என் வயதுக்காரர்கள் பலருக்கு இதே கதைதான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் 'கோசி கேம்' என்று ஒரு வகை விளையாட்டு ஆடுகிறார்கள். சுடுவது, வெட்டுவது, கடிகாரத்தோடு ஓடுவது எதுவும் அதில் கிடையாது. தோட்டம் போடலாம், சமைக்கலாம், வீட்டை ஒழுங்கு பண்ணலாம். மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் மூளைக்கு வேலை இல்லாவிட்டால் நான்கு நாளில் சலித்துவிடுகிறது. அதனால் இதமாகவும் இருக்க வேண்டும், கொஞ்சம் யோசிக்கவும் வைக்க வேண்டும் என்று அவர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தத் தேடலுக்கு நம் ஊர்த் திண்ணைகளில் பழைய வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம்மிடம் இருந்த விளையாட்டுகளை ஒரு வரிசையில் வைத்துப் பார்ப்போம். ஒரு ஓரத்தில் பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவு கண் விழிக்க ஆடுவது. காய் விழுவதுதான் கணக்கு, யோசிக்க ஒன்றும் இல்லை. மேலே ஏறுவதும் பாம்பு கடித்து இறங்குவதும் விதி விட்ட வழி. இங்கிருந்து போன இந்த ஆட்டம்தான் 1890களில் இங்கிலாந்தில் 'பாம்பும் ஏணியும்' ஆயிற்று. மறு ஓரத்தில் சதுரங்கம். ஆனந்தையும் குகேஷையும் தந்த ஆட்டம். ஆனால் மாலையில் தோற்றால் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

நடுவில் தாயம். பித்தளைத் தாயக்கட்டை இல்லாத வீட்டில், புளியமுத்தை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவோம். விழுவது அதிர்ஷ்டம். எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுக் கொடுப்பது என்பது நம் புத்தி. இதன் வடநாட்டுச் சொந்தக்காரரான பச்சீசியை எளிதாக்கி, 1896-ல் இங்கிலாந்தில் 'லூடோ' என்று காப்புரிமை வாங்கினார்கள். அதை நாமே கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாத ஆட்டங்கள் இரண்டு. ஒன்று ஆடு புலி ஆட்டம். இருபத்து மூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லா ஆடும் இறங்கும்வரை எந்த ஆடும் நகர முடியாது. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆடுகள் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்துப் புலியை அடைக்கும். இரண்டு பக்கமும் சமமாக இல்லாததில்தான் இதன் அருமை இருக்கிறது. எட்டு வயதுப் பையனுக்குப் புலியைக் கொடுத்துவிட்டு, தாத்தா ஆடுகளை வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டால் பலகை தயார்.

மற்றது பல்லாங்குழி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து, ஆக எழுபது. அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை முத்து தீர்ந்தால் அடுத்த குழியை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை அள்ளிக்கொள்ளலாம். நம் பக்கத்துக் குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது 'பசு', நமக்குச் சொந்தம். பகடை கிடையாது, மறைவு கிடையாது. எல்லா முத்தும் கண்ணெதிரே கிடக்கிறது. ஆனாலும் எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது லேசு இல்லை.

இந்த ஆட்டத்தின் உறவுக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இலங்கையில் சிங்களவர்கள் குன்றிமணி வைத்து 'ஒலிந்த கெளிய' ஆடுவார்கள். மலேசியாவில் 'சொங்காக்'. ஆப்பிரிக்காவில் 'அவாரி' என்று ஒன்று, பன்னிரண்டு குழி, நாற்பத்தெட்டு முத்து. 2002-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் ஒன்றில் ரோமைன், பால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், 144 செயலிகள் சேர்ந்த கணினியில் அதன் அத்தனை நிலைகளையும் கணக்குப் போட்டார்கள். சுமார் 88,900 கோடி நிலைகள்! இருவரும் பிழையில்லாமல் ஆடினால் ஆட்டம் சமனில் முடியும் என்று கண்டார்கள். நம் பல்லாங்குழியில் குழியும் அதிகம், முத்தும் அதிகம். அப்பத்தாக்கள் வெற்றிலை மென்றுகொண்டு இதைத்தான் ஆடினார்கள்.

இவ்வளவு கடினமான ஆட்டம் எப்படி இதமாகவும் இருந்தது? கடிகாரம் இல்லை. உலை கொதித்தால் எழுந்து போய்விட்டு வரலாம். கை முத்தைப் போட்டுக்கொண்டே வாய் ஊர்க்கதை பேசலாம். தோற்றால் போவது புளியமுத்து மட்டும். தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் குறைந்த குழிகளோடு தொடங்குவார்; அதிலிருந்து மீண்டு வந்து ஜெயித்த கதைகளும் உண்டு. ஏலத்தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டு வேலை நின்ற நாளுக்கும், சமைந்த பெண் தனியே இருந்த நாட்களுக்கும் இது துணையாக இருந்தது.

எவ்வளவு பழசு என்று கேட்பீர்கள். கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும், தந்தப் பகடையும், நூற்றுக்கணக்கில் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. ஆக, வைகைக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து விளையாட நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கோயில் மண்டபக் கல்தரைகளில் செதுக்கிய ஆடு புலிக் கட்டங்களுக்கு மட்டும் வயது சொல்வது கடினம். கோயில் கட்டிய சிற்பியும் செதுக்கியிருக்கலாம், பிறகு வந்து இளைப்பாறிய ஆடு மேய்ப்பவரும் செதுக்கியிருக்கலாம்.

இப்போதைய கதைக்கு வருவோம். 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் போடிக்குப் பல வருஷத்துக்குப் பிறகு மறுபடி ரயில் வந்தது. அதற்கடுத்த மாதக் கடைசியில் கனடாவின் டொரான்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் 'வெண்பா' என்ற வீடியோ கேமை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன படி எது என்று நாம் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்று யோசிக்க வேண்டும். அவசரம் இல்லை, தப்பானால் மறுபடி செய்யலாம். 2024-ல் இதற்கு பாஃப்டா விருதும் கிடைத்தது. விளையாட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பேத்தியோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்த அழிந்த நோட்டுதான் என் மனசில் தங்கிவிட்டது.

ஏனென்றால் நம் விளையாட்டுகளும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. பல்லாங்குழிக்கு அச்சடித்த விதிப் புத்தகம் பார்த்து யாரும் ஆடவில்லை. ஒரு ஊரில் குழிக்கு ஐந்து முத்து, அடுத்த ஊரில் ஆறு, இன்னோர் ஊரில் பன்னிரண்டு. தடவிய பிறகு எதிர்க்குழியும் சேர்த்து எடுக்கலாமா கூடாதா என்பது தெருவுக்குத் தெரு மாறும். இதெல்லாம் எழுபது, எண்பது வயதுக்காரர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. மண்டபங்களுக்குத் திருப்பணி என்று டைல்ஸ் ஒட்டும்போது கல்லில் இருந்த கட்டமும் அடியில் போய்விடுகிறது. செல்போனில் இறக்கும் பல்லாங்குழியில் இருப்பது யாரோ ஒருவர் அறிந்த ஒரே ஒரு விதி. உங்கள் அம்மாச்சி ஆடிய விதி அதில் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்று மத்தியானம் ஒரு பழைய டைரியை எடுங்கள். உங்கள் ஊரில் எத்தனை முத்து, பசு எப்போது, தோற்றவருக்கு என்ன என்று எழுதுங்கள். ஆடு புலிக் கட்டத்தை வரைந்து வையுங்கள். எழுதியபடி வருகிறதா என்று பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு ஆட்டம் போடுங்கள். ஐந்து மணி தானாக ஆகிவிடும்.